ரன்னிங் போர்டில் துரு: பட்டி பூசினால் போகுமா?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கிறார்கள், இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், ஏ.சி. போட்டுப் பார்க்கிறார்கள், டயரை ஒரு உதை உதைக்கிறார்கள். தரையில் முட்டி போட்டு, கதவுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கடலோர ஊர்களில் ஓடிய காரின் ஆயுள் அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே, கதவுகளுக்கு அடியில் நீளமாக ஓடும் அந்தத் தகரப் பெட்டியைத்தான் நம் டிங்கரிங் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்கிறார்கள். இன்ஜின் தேய்ந்தால் இறக்கிப் பிரித்துக் கட்டலாம். கியர் பாக்ஸ் போனால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் இன்னொன்று கிடைக்கும். ரன்னிங் போர்டு உளுத்துப் போனால் காரின் உடம்பே போகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

காரணம் எளிது. பழைய மகிந்திரா ஜீப்பிலும் டாடா சுமோவிலும் அடியில் தனியாகச் சேஸிஸ் இருக்கிறது. பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் படிக்கட்டுத் தகரம் துருப்பிடித்தால் அசிங்கம், அவ்வளவுதான். பிரிமியர் பத்மினியிலும் மாருதி 800-இலும் தனிச் சேஸிஸ் கிடையாது. தகரங்களை ஸ்பாட் வெல்டிங்கில் இணைத்துச் செய்த கூடுதான் வண்டியின் பாரம் முழுவதையும் சுமக்கிறது. அந்தக் கூட்டுக்கு இரண்டு ரன்னிங் போர்டுகளும் ஏணியின் பக்கக் கழிகள் மாதிரி. சீட் பெல்ட் பூட்டிய நடுத்தூண் நிற்பதும் இதன்மேல்தான். பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் முதலில் தாங்க வேண்டியதும் இதுவே.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. 25 லட்சத்துக்கும் மேல் விற்ற கார். இன்றைக்கும் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடுகிறது, பலருக்கு அது அப்பா வாங்கிய முதல் கார். இன்ஜின் 796 சிசி, பெரிதாகத் தொல்லை தராது. அதை வீழ்த்துவது பெரும்பாலும் துருதான்.

துரு வெளியிலிருந்து உள்ளே போவதாக நாம் நினைக்கிறோம். ரன்னிங் போர்டில் நடப்பது நேர்மாறு. அது உள்ளே வெற்றிடம் கொண்ட பெட்டி. சக்கரம் வாரி அடிக்கும் சேறு இணைப்புகளின் இடுக்கு வழியே உள்ளே போகிறது. கதவு பீடிங் தளர்ந்தால் மழைநீர் இறங்குகிறது. கம்பெனிக்காரர்கள் இதை எதிர்பார்த்து அடியில் வடிகால் துளைகள் விட்டிருக்கிறார்கள். அவை மண்ணால் அடைபடுகின்றன. சில சமயம், துருவைத் தடுக்கிறோம் என்று தார் மாதிரிக் கோட்டிங் அடிக்கும் கடைக்காரரே அந்தத் துளைகளையும் சேர்த்து மூடிவிடுகிறார். அப்புறம் உள்ளே ஈரம் காயவே காயாது. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனஅளவு பல மடங்கு பெருகும். ஸ்பாட் வெல்டிங் போட்ட இரண்டு தகரங்களுக்கு நடுவே அது வீங்கி, இணைப்பையே பிளக்கிறது. பெயின்டில் முதல் கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

கடற்கரை ஊர் என்றால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாத மாதத்திலும் தகரம் நனைந்தே கிடக்கும். 1948-இல் நிறுவப்பட்டுக் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு மையம் வைத்திருக்கிறது. நம் கரையின் காற்று அப்படிப்பட்டது. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் மீன் ஏற்றிய ஆம்னி வேன்களின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஜினைச் சுத்தம் செய்தார்கள், சீட்டையும் கார்பெட்டையும் மாற்றினார்கள், வயரிங்கைச் சரிசெய்தார்கள். ரன்னிங் போர்டுக்குள் தங்கிய வண்டலை யாரும் கழுவவில்லை. அந்த வண்டிகள் இப்போது வரிசையாகப் பட்டறைக்கு வருகின்றன.

அப்படி ஒரு வண்டியை வடசென்னைப் பட்டறை ஒன்றில் திறந்து பார்த்தேன். வெள்ளை மாருதி 800, பெயின்ட் பளபளவென்று இருந்தது. டிங்கர் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக் கதவுக்குக் கீழே நகர்த்திக்கொண்டே போனார். முன்பக்கம் ஒட்டியது. நடுவில் வந்ததும் நழுவிக் கீழே விழுந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினார். முதலில் கணீரென்று கேட்ட சத்தம் அந்த இடத்தில் மொத்தென்று மாறியது.

“என்ன பாய், போன வருஷம்தானே பெயின்ட் அடிச்சோம்?” என்றார் வண்டிக்காரர்.

“பெயின்ட் நல்லாத்தான் சார் இருக்கு. அடியில தகரம்தான் இல்ல.”

கிரைண்டர் வைத்து ஒரு முழ நீளம் அறுத்தார். விரற்கடை தடிமனுக்குப் பட்டி. அதற்குப் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள், ஈரமாகவே இருந்தது. அதற்கும் பின்னால் கறுப்பாக வண்டலும் அடை அடையாக உதிரும் துருவும். ஓட்டையில் தாளை அடைத்து, மேலே பட்டி இழைத்து, தேய்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பட்டி மெல்லிய பள்ளங்களை நிரவுவதற்கான பொருள். அது பாரம் தாங்காது. போதாததற்கு உள்ளே இருந்த தாள் ஈரத்தைப் பிடித்து வைத்து மிச்சத் தகரத்தையும் தின்றிருந்தது. இதைச் செய்து காசு வாங்கியவர் துருவுக்குத் தீனி போட்டிருக்கிறார். எனக்கு இதில் கோபம் வருகிறது. அந்த வண்டியில் ஒரு குடும்பம் தினமும் போய்வந்திருக்கிறது.

சரியான வேலை எப்படி இருக்க வேண்டும்? முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.எம். பெட்டியின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். சீட், கார்பெட், அடியிலுள்ள மெத்தை எல்லாம் வெளியே. பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்து ஒதுக்கிய பிறகுதான் நெருப்பு. அடுத்தது மிக முக்கியம்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, உறுதியான இடங்களில் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தை அறுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதற்கப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. கதவுகளை மாட்டிவைத்தே இடைவெளியை அடிக்கடி சரிபார்க்கும் டிங்கரைக் கண்டால் நம்பி வண்டியை விடலாம்.

அறுப்பது துரு முடியும் இடம் வரை போதாது. பளிச்சென்ற நல்ல தகரம் தெரியும் வரை போக வேண்டும். பல பட்டறைகளில் உளுத்ததன் மேலேயே புதுத் தகரத்தை வைத்து ஓரத்தில் பற்றவைத்துவிடுகிறார்கள். உள்ளே பழைய துரு அப்படியே இருக்கிறது, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் புதுத் தகரமும் போகும். வெளித்தகரம் போயிருந்தால் உள்தகரத்தையும் இடையிலுள்ள பட்டையையும் பார்த்தே ஆக வேண்டும். வரிசை உள்ளிருந்து வெளியே. புதிதாக வைப்பது பழையதன் தடிமனுக்கு ஏற்ப இருக்கட்டும். 20 கேஜ் ஷீட் பெரும்பாலும் பொருந்தும். ஜிங்க் பூசிய ஷீட் என்றால் பற்றவைக்கும் ஓரத்தில் ஜிங்கைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் புகை டிங்கருக்குக் காய்ச்சல் கொண்டுவரும்.

கேஸ் வெல்டிங்கா, மிக் வெல்டிங்கா? என் கட்சி மிக். கேஸ் நெருப்பின் சூடு அகலமாகப் பரவித் தகரத்தை நெளிக்கிறது, சுற்றிலும் இருந்த பழைய பெயின்டைப் பொசுக்கிவிடுகிறது. பொசுங்கிய அந்த விளிம்பில்தான் அடுத்த துரு பிறக்கும். மிக்கிலும் ஒரே ஓட்டமாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போட்டு ஆறவிட வேண்டும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் இருந்த விளிம்புகளில் துளையிட்டு, துளை வழியே பற்றவைத்து நிரப்ப வேண்டும்.

பெயின்ட் அடித்ததும் வேலை முடிந்ததென்று வண்டியை எடுத்துவரக் கூடாது. இணைப்புகளில் சீலர், வெளியில் பிரைமர், அதன்மேல் பெயின்ட், இதெல்லாம் எல்லாரும் செய்வது. பெட்டியின் உட்பக்கத்துக்குத்தான் யாரும் எதுவும் செய்வதில்லை. வெல்டிங் சூட்டில் உள்ளே பூச்செல்லாம் எரிந்து வெறும் இரும்பாக நிற்கிறது. நீண்ட குழாய் மாட்டிய ஸ்ப்ரேயால், இருக்கிற துளைகள் வழியே உள்ளே முழுக்க மெழுகு அடிக்க வேண்டும். கேவிட்டி வாக்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். அடித்த பின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். செலவில் சிறு பங்கு இது. இதைச் செய்யாவிட்டால் மற்ற செலவு அத்தனையும் வீண்.

துருவை மாற்றும் ரசாயனங்கள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பாஸ்போரிக் அமிலம் கலந்த அந்தத் திரவங்கள் மேலோட்டமான துருவுக்கு நல்லவை. ஓட்டை விழுந்த தகரத்தை எந்த மருந்தும் மீட்காது.

எல்லா வண்டியையும் காப்பாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரன்னிங் போர்டு மட்டும் என்றால் செய்யலாம். அதோடு தரைத் தகரமும் பின் சஸ்பென்ஷன் பூட்டும் இடமும் உளுத்திருந்தால், ஜாக்கியில் தூக்கும்போது கதவு இறங்கி லாக் பொருந்தாமல் போனால், அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பிரிட்டனில் வருடாந்திரச் சோதனையின்போது சீட் பெல்ட் பூட்டுமிடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் மோசமான அரிப்பு இருந்தால் வண்டி தேறாது. அங்கே பட்டி பூசி ஏமாற்றவும் முடியாது. நம் ஊரில் 15 ஆண்டு முடிந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது அதே கண்டிப்புடன் அடிப்பகுதியையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

மழைக்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கார்பெட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள். வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். கடற்கரைக்குப் போய்வந்தால் வண்டியின் அடியிலும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். டிங்கரிடம் விட்டால், தகரத்தை மூடுவதற்கு முன் உட்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி மறுக்க மாட்டார். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.