பெரியம்மாவின் தாலாட்டும் இரண்டு மைக்குகளும்

தை மாதம் ஐந்தாம் தேதி மணலூர்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு முறை அவசியம் போய்விட்டு வாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து அருணாசலேசுவரர் தென்பெண்ணை ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளும் நாள் அது. ஆற்று மணல் முழுவதும் ஜனங்கள். காது நிறைய மேளச் சத்தம்!

ஆனால், நான் இந்த வருஷம் அங்கே போனது சுவாமி தரிசனத்துக்கு மட்டுமல்ல. அந்த ஊரில் இருக்கும் என் பெரியம்மாவின் தாலாட்டைப் பதிவு செய்துகொண்டு வரவும்தான். பெரியம்மாவுக்கு வயது 82. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் அந்தப் பாட்டைக் கேட்டுத் தூங்கியிருக்கின்றன. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவளோடு போய்விட்டால் போனதுதான்.

போன வருஷமே முயற்சி செய்து தோற்றுப் போனேன். கையிலிருந்தது மேடையில் பிடித்துப் பாடும் மைக். திருவிழா மேளம் அதில் அழகாக விழுந்தது. பெரியம்மாவின் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன், பாட்டோடு "உஸ்" என்ற இரைச்சலும் சேர்ந்து எழுந்தது.

குற்றம் யாருடையது? பெரியம்மாவுடையதல்ல. மைக்கைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் புறப்பட்ட என்னுடையதுதான்!

மேடை மைக் பெரும்பாலும் 'டைனமிக்' என்ற வகை. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும். 'கண்டென்சர்' மைக் வேறு விதம். ஒரு தகடு, அதற்கு எதிரே முடி அளவு இடைவெளியில் மெல்லிய சவ்வு. குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது இடைவெளி மாறுகிறது, மின்னழுத்தமும் மாறுகிறது. இதை அமெரிக்காவில் ஈ. சி. வென்டே என்பவர் 1916-இல் உருவாக்கினார். 1962-இல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர், மின்னூட்டம் நீங்காமல் தங்கியிருக்கும் சவ்வைக் கொண்டு 'எலெக்ட்ரெட்' மைக்கைச் செய்தார்கள். சுண்டு விரல் நுனி அளவுகூட இல்லாத மலிவான மைக்குகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, எந்த மைக் எவ்வளவு 'கொடுக்கும்' என்பதை எப்படி அறிவது? 94 டெசிபெல் ஒலி பட்டால் எத்தனை மில்லிவோல்ட் வருகிறது என்பதே கணக்கு. மேடைகளில் பிரசித்தமான ஷூர் எஸ்.எம். 58 கொடுப்பது 1.85 மில்லிவோல்ட். நாய்மன் கே.எம். 184 என்ற சிறிய கண்டென்சர் கொடுப்பது 15. ஏறக்குறைய எட்டு மடங்கு! சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபெல்தான். அப்போது இந்த இரண்டு அளவுகளும் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். அந்தத் துளியைப் பெரிதாக்கும்போதுதான் பதிவுக் கருவியின் சொந்த இரைச்சலும் பெரிதாகிறது.

கடையில் இந்த அளவை மைனஸ் கணக்கில் எழுதியிருப்பார்கள். மைனஸ் 38 என்று ஒன்று, மைனஸ் 54 என்று ஒன்று. 54-தான் பெரியது என்று நினைத்துவிடாதீர்கள்! கடன் கணக்கு மாதிரி பாருங்கள். 38 ரூபாய் கடன்பட்டவன், 54 ரூபாய் கடன்பட்டவனைவிட வசதியானவன் அல்லவா? ஆறு டெசிபெல் கூடினால் மில்லிவோல்ட் இரு மடங்கு.

அப்படியானால் அதிகம் கொடுப்பதையே வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். இந்த வருஷம் நான் இரண்டு சிறு கண்டென்சர்களைக் கொண்டு போயிருந்தேன். அதிகம் கொடுப்பதை நாதஸ்வரத்துக்கு அருகில் நீட்டினேன். ஒலி கிழிந்து போயிற்று. குறைவாகக் கொடுத்தது தப்பியது. மேளத்துக்கு ஒன்று, தாலாட்டுக்கு ஒன்று!

வீட்டிலேயே நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு மைக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தூரத்தில் வையுங்கள். ரேடியோவை ஒரே அளவில் பாட விடுங்கள். எது உரக்கக் கேட்கிறதோ அதுவே நல்லது என்று காது ஏமாந்து போகும். அதனால் மெலிந்ததைக் கூட்டி, இரண்டையும் சமமாக்குங்கள். பிறகு ரேடியோவை நிறுத்தி, மின்விசிறியையும் நிறுத்தி, வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். எதில் இரைச்சல் குறைவோ, அதுவே மெல்லிய குரலுக்கு ஏற்றது.

காசில்லாத உபாயம் ஒன்றும் உண்டு. இரண்டு சாண் தூரத்திலிருக்கும் மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டு வாருங்கள். குரல் ஆறு டெசிபெல் கூடிவிடும், இரைச்சல் கூடாது. உதட்டுக்கு நேரே வைக்காமல் சற்றே ஒதுக்கி வைத்தால் மூச்சுக் காற்றும் மோதாது.

அன்று இரவு மேளமெல்லாம் ஓய்ந்த பிறகு, பெரியம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்தேன். "இதுக்கா இம்மாம் பெரிய ஏற்பாடு?" என்று சிரித்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு அடி மறந்து போயிற்று. கண்ணை மூடி யோசித்து, அதையும் பிடித்துவிட்டாள்.

பதிவானதைக் காதில் வைத்துக் கேட்கச் செய்தேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்:

"ஏம்மா, இது என் குரலா? எங்க அம்மா பாடற மாதிரியில்ல இருக்குது!"

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டு இருக்கும். அடுத்த தை மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.