பழைய மடிக்கணினிக்குப் புதிய இயங்குதளம்

பழைய மடிக்கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவும்போது பணி தடைபடுவதுண்டு. அதனால் கணினி பழுதாயிற்று எனக் கருதுதல் கூடாது. வன்பொருளும் மென்பொருளும் ஒன்றோடொன்று பொருந்தாமையும் காரணமாகலாம்.

நிறுவும்போது வன்தட்டில் உள்ளவை அழியக்கூடும். ஆகவே பாடக்குறிப்புகள், ஒளிப்படங்கள் முதலியவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

பின்னர்த் தடைக்கான காரணத்தை வரிசையாக ஆராய வேண்டும். பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கவில்லையெனில், பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையை மாற்றிப் பென்டிரைவை முதலிடத்தில் வைக்க வேண்டும். அதன் பின்னும் தொடங்காவிடில் செயலியின் வகையை அறிதல் வேண்டும். 32 பிட் செயலியில் 64 பிட் இயங்குதளம் இயங்காது. நிறுவல் பாதியில் நின்றால், பதிவிறக்கிய கோப்பு முழுமையானதா எனச் சரிபார்த்துப் பென்டிரைவை மீண்டும் உருவாக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தால்தான் உண்மைக் காரணம் புலப்படும்.

விண்டோஸ் 11 இயங்குதளத்திற்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு ஆகியவை தேவை. இவை இல்லாத கணினியும் பயனற்றதன்று. குறைந்த நினைவகத்தில் இயங்கும் லினக்ஸ் பதிப்பொன்று அதனை மீண்டும் கற்றலுக்குத் துணையாக்கும்.