எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் காப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் காட்டோடைகள் ஒரே மழையில் பெருக்கெடுத்து விடும். காலையில் கணுக்கால் அளவு நீரில் கடந்த ஓடையில், மாலையில் இடுப்பளவு நீர் ஓடும். மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் கரையோர விவசாயிகள் இதை நன்கறிவர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த பெருவெள்ளம் திருக்கோவிலூர் வட்டாரத்தையும் பாதித்தது.

இத்தகைய காலத்தில் டிராக்டர், டீசல் பம்பு எஞ்சின், மலைப்பாதை ஜீப் ஆகியவற்றிற்கு வரும் பெரிய ஆபத்து, காற்றுப் போகும் வழியாகத் தண்ணீர் புகுவதுதான். கடன் வாங்கி டிராக்டர் வாங்கிய சிறு விவசாயிக்கு, எஞ்சின் உடைந்தால் ஒரு போகத்து வருமானமே போய்விடும்.

தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்?

டீசல் எஞ்சின் காற்றை உள்ளிழுத்து, பிஸ்டனால் அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலை எரிக்கிறது. சிலிண்டர் ஒன்றுக்கு 900 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், 18-க்கு 1 என்ற அழுத்த விகிதமும் உள்ள டிராக்டரில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 53 கன சென்டிமீட்டர்தான். அதாவது, சிறிய காப்பி டம்ளரில் பாதி. 5 குதிரைத்திறன் பம்பு எஞ்சினில் இந்த இடம் இன்னும் குறைவு.

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மிஞ்சும் இடத்தைவிட அதிகத் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலேற வழியின்றி இடித்து நிற்கும். நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில், பிஸ்டன் கீழிருந்து மேலே வர ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அந்த வேகத்தில் இடிபட்டால் கனெக்டிங் ராடு வளையும் அல்லது முறியும். சில வேளைகளில் ராடு சிறிதளவே வளைந்து, எஞ்சின் மீண்டும் ஓடத் தொடங்கும். ஆனால், சில நாள் கழித்து அந்த ராடு முறிந்து பிளாக்கையே உடைத்து வெளிவரலாம்.

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தரும் பாகங்கள் நனைந்தால், எஞ்சின் பெரும்பாலும் தானே நின்றுவிடும். டீசல் எஞ்சினுக்கு மின்பொறி தேவையில்லை. எனவே, அது நிற்காமல் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

ஏர் கிளீனரைக் கவனியுங்கள்

முதலில், தமது வண்டியில் காற்று நுழையும் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை ஒவ்வொருவரும் அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கக் கூடாது. கிளிப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். காகித வடிகட்டி உள்ள கூட்டின் அடியில், தூசியை வெளியேற்ற ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது கிழிந்திருந்தால் அவ்வழியே நீர் ஏறும்.

எண்ணெய் ஊற்றும் ஏர் கிளீனரில் தண்ணீர் புகுந்தால், அது அடியில் தங்கி எண்ணெயை மேலே தள்ளும். அந்த எண்ணெயை எஞ்சின் இழுத்துக்கொண்டால் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும் அபாயமும் உண்டு. எண்ணெய் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று அறியலாம்.

ஓடையைக் கடக்கும்போது

கலங்கிய நீரில் பள்ளம் தெரியாது. கம்பால் ஆழம் பார்த்த பின்னரே இறங்க வேண்டும். முன் சக்கரத்தின் மையத்திற்கு மேல் நீர் இருந்தால் காத்திருப்பதே நல்லது. தாழ்ந்த கியரில், நடை வேகத்தில், ஒரே சீராகச் செல்ல வேண்டும். வேகமாக இறங்கினால் அலை எழும்பி பானெட்டுக்குள் அடிக்கும். ரேடியேட்டர் விசிறியும் நீரை வாரி ஏர் கிளீனர் மீது இறைக்கும்.

சில ஜீப்புகளில் காற்றுக் குழாயைக் கூரை உயரத்திற்கு ஏற்றிப் பொருத்துகிறார்கள். இணைப்புகள் எல்லாம் காற்றுப் புகாதவாறு இருந்தால்தான் இதனால் பயன் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது குழாயின் வாயைத் தட்டையான பலகையால் மூடிப் பார்க்க வேண்டும். எஞ்சின் திணறி நின்றால் இணைப்புகள் சரி. தொடர்ந்து ஓடினால் எங்கோ ஓட்டை உள்ளது.

உயர்ந்த குழாய் எஞ்சினைக் காக்குமேயன்றி வெள்ளத்தின் விசையைத் தடுக்காது. விசையுடன் ஓடும் 60 சென்டிமீட்டர் நீர் ஜீப்பையே அடித்துச் செல்லும். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடும்போது எந்த வண்டியையும் இறக்கக் கூடாது.

நிறுத்தி வைக்கும்போது

மேல் நோக்கிய புகைக்குழாய் வழியாகவும் மழைநீர் சிலிண்டருக்குள் இறங்கக் கூடும். மழைக்காலத்தில் டிராக்டரை வெளியில் நிறுத்தினால் குழாயின் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்து, ஓட்டுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். கிணற்றுத் திட்டிலும் ஓடைக்கரையிலும் உள்ள பம்பு எஞ்சின்களை மழைக்கு முன்பே மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும்.

தண்ணீர் புகுந்துவிட்டால்

1. நீரில் நின்றுபோன எஞ்சினையும், வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினையும் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. கியரில் போட்டுத் தள்ளுவதும் கூடாது. நியூட்ரலில் வைத்து வெளியே இழுக்க வேண்டும்.

2. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஏர் கிளீனரைத் திறந்து பார்க்க வேண்டும். வடிகட்டியோ, அதற்கு அப்பாலுள்ள குழாயோ நனைந்திருந்தால் எஞ்சினுக்குள்ளும் நீர் இருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

3. மெக்கானிக்கைக் கொண்டு இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் நீர் வெளியேறும். அது பீச்சி அடிக்கும். முகத்தை அருகில் கொண்டு போகலாகாது.

4. எஞ்சின் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர் ஆகியவற்றை மாற்ற வேண்டும். டீசல் டாங்க்கின் அடியில் தங்கிய நீரை வடிக்க வேண்டும். கியர் பெட்டி எண்ணெய் வெளுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

5. ஓட்டிப் பார்க்கும்போது தட்டும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஓசை இல்லையென்றால் அரை மணி நேரம் ஓட்டி, எஞ்சின் ஆயிலை மீண்டும் ஒரு முறை மாற்றுவது நல்லது.

இந்த வேலைகளைத் தள்ளிப் போடக் கூடாது. சிலிண்டர் விரைவில் துருப்பிடித்துவிடும். நீர் புகுந்த எஞ்சினை ஓட்டியதால் வந்த சேதத்திற்குச் சாதாரண வாகனக் காப்பீட்டில் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை.

ரப்பர் குழாய், கிளிப், வால்வு ஆகியவற்றைப் புரட்டாசி மாதத்திலேயே பார்த்து மாற்றிவிட்டால் செலவு சிறிது. நனைந்த எஞ்சினை அவசரப்பட்டுச் சுற்றாமல் இருப்பதற்கோ செலவே இல்லை.