பட்டத்துத் தேவியும் வன்னிச்சியும்

வன்னியர் இலங்கைக்கு வந்த வரலாற்றை வையாபாடல் என்னும் பழைய நூல் ஒரு கலியாணத்தோடு சேர்த்தே சொல்கிறது. பாண்டிய ராஜகுமாரி சமதூதி மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்து அரசனுக்கு மனைவியாக வந்தாள் என்றும், அந்தச் சம்பந்தத்தை ஒட்டியே வன்னியர் கடல் கடந்து வந்து வன்னியாகிய அடங்காப்பற்றில் குடியேறினர் என்றும் கூறும் அம்மரபைச் சரித்திர ஆசிரியர்கள் எவ்வாறு மதிப்பிட்டாலும், அரசகுலத்து விவாகம் இரண்டு ராஜ்யங்களின் உடன்படிக்கையாகவே கருதப்பட்டது என்பது அதனால் நன்கு விளங்கும்.

அரண்மனைப் பெண்களின் தரவரிசையும் இதிலிருந்தே பிறந்தது. அரசனோடு அரியணையில் வீற்றிருக்கும் உரிமை பட்டத்துத் தேவிக்கு இருந்தது. முறைப்படி மணந்த ஏனைய தேவியர் அவளுக்கு அடுத்த நிலையினர். மணச்சடங்கின்றி அந்தப்புரம் புகுந்த காமக்கிழத்தியர் கடைசி வரிசையினர். தேவிக்குப் பிறந்தகத்தின் படைபலமும் குலப்பெருமையும் துணைநின்றன. காமக்கிழத்திக்கோ அரசனுடைய அன்பு ஒன்றே ஆதாரம். கண்டி அரண்மனையில் முன்னவரை ரன்தோலி என்றும் பின்னவரை யகடதோலி என்றும், அதாவது பொற்சிவிகைக்கு உரியவர், இரும்புச் சிவிகைக்கு உரியவர் என்று, வெளிப்படையாகவே பிரித்து வழங்கினார்கள்.

இந்த வேற்றுமையின் முழுக் கனமும் பிள்ளைகளின் தலையிலேயே விழுந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, யாழ்ப்பாணத்து அரசன் பரராசசேகரனுக்கு இராசலட்சுமி, வள்ளியம்மை என்னும் தேவியர் இருவரும், மங்கத்தம்மாள் என்னும் காமக்கிழத்தியும் இருந்தனர் என்கிறது. மங்கத்தம்மாளின் மகனாகிய சங்கிலி, மூத்த குமாரன் சிங்கவாகுவை நஞ்சூட்டியும் மற்றொரு குமாரன் பண்டாரத்தை வாளுக்கிரையாக்கியும் 1519 அளவில் அரசைக் கைப்பற்றினான் என்பது அந்நூலின் கூற்று. பிறப்பு மறுத்ததை அவன் வாளால் பெற்றான்.

கண்டியில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. வீர நரேந்திரசிங்கன் 1739 இல் தேவியர்பால் சந்ததியின்றி இறந்தபோது, சிங்களப் பெண் ஒருத்தியிடம் அவனுக்குப் பிறந்த உனம்புவே பண்டாரம் உயிரோடிருந்தும், தாய் அரசகுலத்தவள் அல்லள் என்ற காரணத்தால் விலக்கப்பட்டான். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்துத் தேவியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு முடிசூடினான். அரசனுடைய சொந்த ரத்தத்தினும் தேவியின் குலமே மேலெனக் கொள்ளப்பட்டதால், 1815 வரை கண்டி நாயக்கர் கையில் இருந்தது. துருக்கியின் உதுமானிய சுல்தான்களிற் பலர் அடிமைப் பெண்களின் வயிற்றிற் பிறந்தும் தடையின்றி ஆண்டதை நோக்கினால், இந்த நியதி உலகப்பொதுவானதன்று என்பது புலப்படும்.

வன்னியிலே பெண்ணின் நிலை இன்னொரு படி உயர்ந்திருந்தது. பனங்காமம் முதலிய வன்னிமைகளை வன்னியர் ஆண்ட 18 ஆம் நூற்றாண்டில், வன்னிச்சி என்ற பட்டத்தோடு பெண்களும் அதிகாரம் வகித்தனர். ஒல்லாந்தர் 1782 இல் வன்னியை அடக்கப் படையெடுத்த காலத்தையொட்டி, வீராங்கனையாகிய வன்னிச்சி ஒருத்தி கொழும்புக் கோட்டையிற் கைதியாக இருந்த செய்தியைப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ற் எழுதியிருக்கிறார். காமக்கிழத்தியரை எந்தப் பகைவனும் அஞ்சிச் சிறைவைப்பதில்லை. ஆட்சியுரிமையும் ஆள்பலமும் உடையவரையே அவ்வாறு காவலில் வைப்பார்கள்.

இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்ற அளவுகோலாலேயே அரண்மனைப் பெண்கள் மதிக்கப்பட்ட காலத்தில், தன் பதவியின் பெயராலேயே அறியப்பட்டவள் வன்னிச்சி. வன்னித் தலைவனாகிய பண்டாரவன்னியனுக்குச் சிலை எடுத்த நாம், ஒல்லாந்தர் ஏடுகளில் உறங்கும் வன்னிச்சிகளின் வரலாற்றையும் தேடியெடுத்து நம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் கடமையாகும்.