கெட்டுப்போக ஏதுமில்லாத அளவுகோல்

சைக்கிளின் பின் மட்கார்டில் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டிக் குழிகள் தேன்கூடு போல நெருங்கியிருக்கும். ஒவ்வொரு குழியும் அறையின் மூலை மாதிரி, மூன்று பக்கங்கள் செங்குத்தாகச் சேரும் இடம். அதற்குள் நுழையும் ஒளி மூன்று பக்கமும் பட்டுத் தெறித்து, வந்த திசையிலேயே திரும்பிப் போகும். இருட்டில் லாரி ஓட்டுபவர் கண்ணில் சைக்கிள் படுவது இதனால்தான்.

லாஜியோஸ் செயற்கைக்கோளும் இந்த உத்தியை நம்பித்தான் பிழைக்கிறது. 1976 மே 4 அன்று நாசா அனுப்பியது. 60 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டை, எடையோ 400 கிலோவுக்கு மேல். உள்ளே பித்தளை, வெளியே அலுமினியம். மேற்பரப்பெங்கும் இதே மூலை வடிவில் 426 பட்டகங்கள் பதித்திருக்கிறார்கள். பேட்டரி, கேமரா, ஆன்டெனா எதுவும் கிடையாது. பழுதாக ஒன்றும் இல்லை என்பதே இதன் பெரும்பலம்.

தரை நிலையத்திலிருந்து லேசர் துடிப்பு கிளம்புகிறது. சுமார் 5,900 கி.மீ. உயரத்தில் உருண்டையைத் தொட்டுவிட்டு, ஏறத்தாழ 0.04 விநாடியில் வீடு திரும்புகிறது. போய்வந்த நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 15 செ.மீ. தவறிப்போகும். இங்கே தேடுவதோ மில்லிமீட்டர்.

ஆகவே ஒவ்வொரு நிலையமும், தூரம் துல்லியமாகத் தெரிந்த ஓர் இலக்கைத் தரையிலேயே வைத்துத் தன் கருவியைச் சரிபார்க்கிறது. அதையும் தாண்டி ஒளிந்திருக்கும் பிழையைக் காட்டிக்கொடுப்பது இந்த உருண்டைதான். சந்தையில் எல்லாத் தராசையும் ஒரே முத்திரை எடைக்கல்லால் சோதிப்பதில்லையா, அதுபோலத்தான். பல நாட்டு நிலையங்களும் இதையே குறிவைக்கின்றன. எல்லோர் அளவையும் சேர்த்துக் கணித்த பாதையிலிருந்து ஒரே ஒரு நிலையம் மட்டும் எப்போதும் ஒரு சென்டிமீட்டர் விலகினால், கோளாறு அங்கேதான்.

அப்படி நம்ப, பாதை அலைபாயக் கூடாது. சிறிய உருவம், கனத்த எடை, காற்று அனேகமாக இல்லாத உயரம் மூன்றும் அதற்காகத்தான். சூரிய ஒளியின் அழுத்தம்கூட இதை லேசில் அசைப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஒளி திரும்புவது மேற்பரப்பில். நமக்கு வேண்டியதோ உருண்டையின் மையம் வரையிலான தூரம். ஆரம் 30 செ.மீ. என்பதால் அதையே கூட்டிவிடலாமே என்று தோன்றும். கூட்டினால் தப்பு. பட்டகத்துக்குள் ஒளி மெதுவாகத்தான் போகும். சாய்வாக இருக்கும் பக்கத்துப் பட்டகங்களிலிருந்தும் ஒளி சற்றுப் பிந்தி வரும். அதனால் கூட்ட வேண்டியது சுமார் 25 செ.மீ.தான். இந்த எண் சில மில்லிமீட்டர் மாறினாலும் பூமியின் அளவே மாறித் தெரியும். லேசர் துடிப்பின் தன்மைக்கும் திரும்பும் ஒளியை உணரும் முறைக்கும் ஏற்ப, நிலையத்துக்கு நிலையம் இதைத் தனித்தனியே கணக்கிடுகிறார்கள்.

பூமியின் நிறை மையம் எங்கே இருக்கிறது, கண்டத்தட்டுகள் ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கின்றன என்பதையெல்லாம் இந்த அளவுகளிலிருந்து எடுக்கிறார்கள். 1992இல் இத்தாலியோடு சேர்ந்து லாஜியோஸ்-2 ஏவப்பட்டது. 2022 ஜூலை 13 அன்று இதேபோன்ற உருண்டையான லாரெஸ்-2 போனது, கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு. மூத்த லாஜியோஸின் பாதைச் சாய்வு 109.8 டிகிரி, புதியதன் சாய்வு 70.2 டிகிரி. கூட்டினால் 180. பூமி முழு உருண்டையாக இல்லாததால் இரு பாதைகளிலும் ஏற்படும் விலகல் ஒன்றையொன்று அடித்துவிடும். சுழலும் பூமி தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்து இழுப்பதாக ஐன்ஸ்டீனின் கோட்பாடு சொல்கிறதே, மிச்சத்தில் அதைத்தான் அளக்கிறார்கள்.