தேக்கு என்ற பெயருக்கா, வைரத்துக்கா விலை?

வட்டக்கச்சியில் வீட்டு வேலைக்குக் கதவு, நிலை விற்கும் நம்மவர் பலர் 'தேக்கு' என்றதும் விலை பேசிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது பலகையின் நிறத்தைத்தான். கறையானைத் தடுப்பது மரத்தின் பெயரல்ல. கபில நிற வைரத்தில் ஊறியிருக்கும் டெக்டோகுயினோன் போன்ற இரசாயனங்கள். ஓரத்து வெள்ளையில் இவை மிகக் குறைவு. இளமரத்தில் வெள்ளையே அதிகம். ஆகவே வெள்ளையைக் கழித்து அளந்தே காசு கொடுங்கள்.

ஐரோப்பாவின் பீச் மரத்தில் இந்தக் காப்பு போதாது. வீட்டுக்குள் கதிரைக்குச் சரி, மழை படும் நிலைக்கு உதவாது.

தேக்கின் எண்ணெய்த்தன்மை பசையைச் சரியாகப் பிடிக்கவிடாது. ஒட்டுமுன் தின்னரால் துடைக்கச் சொல்லுங்கள். நம் வன்னி முதிரையின் தூளோ சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். அறுப்பவர்களுக்கு முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் செலவு.