வாயறியா உணவு

அட்டனுக்கு அப்பால், மழையில் நனைந்து கிடந்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து அறைக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் அம்மாயி பாரிசவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்து படுத்திருந்தார். நெடுங்காலம் கொழுந்து கொய்த அக்கைகளைத் துணியாற் கட்டி வைத்திருந்தனர். மூக்கிலிட்ட குழாயை மும்முறை பிடுங்கிவிட்டாராம். ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு இறங்கவேண்டும். அன்றைய நாட்சம்பளமும் போய்விடும்.

“வயித்துல குழாய் வைக்கணும்ங்கிறாங்க. கிழிச்சுத்தான் வைப்பாங்களா சார்?” என்று மாணவியின் தாய் கேட்டார். நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். ஆயினும் அதன்பின் படித்தறிந்ததை இங்கு எழுதுகிறோம். இக்கேள்வி எத்தனையோ லயங்களில் எழுவதன்றோ?

நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேலும் குழாய் தேவைப்படுமெனின், வயிற்றுத் தோல் வழியாக இரைப்பைக்கே வழி செய்தல் நலம் என்பது வைத்தியர் கொள்கை. முன்னர் அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கோடரர், பொன்ஸ்கி என்னும் இருவர், உட்காட்டியை வாய்வழி செலுத்தி, அதன் ஒளி தோலில் தெரிந்த இடத்தில் ஊசியாற் குத்தி, ஒரு குழந்தைக்குக் குழாய் வைத்தனர். ஆனால் அதற்கு உட்காட்டியும் அதிற் பயின்ற வைத்தியரும் வேண்டும்.

இங்கேதான் ‘ஸ்கேன்’ என்று நாம் வழங்கும் கேளாவொலிக் கருவி துணைக்கு வருகிறது. (உலோகத்தின் உள்வெடிப்பைக் காணும் கருவியைக் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் மனித வயிற்றில் வைத்துப் பார்த்து, 1958-இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார் என்பது சுவையான செய்தி.) காற்றுள்ள இடத்தில் இவ்வொலி சிதறிப்போகும். ஆகவே இரைப்பையுள் நீரை நிரப்பி, குறுக்கே ஈரலோ பெருங்குடலோ கிடக்கின்றதா என்று திரையில் நோக்கிய பின்னரே ஊசி செலுத்துவர்.

பால்ட்டிமோரில் தோன்றிய புதுமுறை இன்னும் நுட்பமானது. வாய்வழி இறக்கும் மென்குழாயின் நுனியில் ஒரு காந்தமும் சிறு பலூனும். வயிற்றின்மேல் மற்றொரு காந்தம். இவை ஒன்றையொன்று ஈர்க்க, இரைப்பைச் சுவர் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இடையில் குடல் நுழைய இடமில்லை. நீரூட்டிய பலூனைத் திரையிற் கண்டு குத்தி, கம்பியொன்றை அதனுட் செலுத்தி வாய்வழி வெளிக்கொணர்ந்து, அக்கம்பியின் துணையால் ஊட்டற்குழாயை இழுத்து அமைக்கின்றனர். கட்டிலருகிலேயே இதனைச் செய்யலாம்.

2017-இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 கட்டில் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டபோது, கண்டிக்கு இறங்கும் பயணம் குறையுமென நாம் மகிழ்ந்தோம். கட்டிலருகே முடியும் சிகிச்சை எதுவும் அம்மகிழ்ச்சியின் தொடர்ச்சியே.

இரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் இதிலும் நேரலாம். குழாய் கழன்றால் துளை சில மணி நேரத்தில் மூடத் தொடங்கும்; வீட்டில் மீண்டும் செருக முயலாது உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். விழுங்கும் ஆற்றல் மீண்டவர்க்குக் குழாயை எடுத்துவிடவும் கூடும்.

அடுத்த ஞாயிறு சென்று இவற்றை அத்தாய்க்கு விளக்கினோம். காந்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப அம்மா கையக் கட்ட வேண்டியதில்லைங்களா சார்?” என்றார்.

குழாய் சட்டைக்குள் மறைந்திருக்குமாதலின் பெரும்பாலும் வேண்டியிராது என்றோம்.